இஸ்மாயில் சொல்லாத வரி

தான் பி.ஏ. படிக்காததற்காக ரெங்கநாயகி முதன்முதலில் சந்தோஷப்பட்டது, ஐப்பசி மாதத்தில் ஒரு காலை, தேங்காய் துருவிக்கொண்டிருந்த நேரத்தில்.

அதற்கு முன்னால் அது அவளுக்குத் தீராத உறுத்தல். ப்ளஸ் டூவில் வகுப்பிலேயே இரண்டாவதாக வந்தவள். காலேஜ் விண்ணப்பத்தை வாங்கி வந்த வாரமே ஸ்ரீனிவாசராகவனின் ஜாதகம் பொருந்திவிட்டது. ஜாதகங்களுக்கு நேரம் காலம் தெரிவதில்லை. கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்து, ஒரு பையனைப் பெற்று, இன்ஜினியராக்கி, புனேவுக்கு அனுப்பியும் ஆயிற்று. இன்றைக்கும் யாராவது படிப்பைப் பற்றிக் கேட்டால், "அந்தக் காலத்து ப்ளஸ் டூ" என்பாள். ‘அந்தக் காலத்து’ என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்வாள். அழுத்தினால் ஒரு டிகிரிக்குக் கிட்டத்தில் போய்விடும் என்று நினைப்பு.

அன்றைக்குக் கேட்டது எதிர்வீட்டு வைஜயந்தி. பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவள். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான உதவி மையத்தையும் அந்த வருஷம் அவள் தலையில் கட்டியிருந்தார்கள். மையம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு அறை, ஒரு மேஜை, கதவு சரியாகச் சாத்தாத ஒரு பீரோ, அறைக்கு ஏற மூன்று படிகள். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு உதவும் இடத்தை மூன்று படிகளுக்கு மேலே வைத்த மகானுபாவர் யாரென்று இதுவரை தெரியவில்லை. தெரிந்தால் வைஜயந்தி அவரைச் சும்மா விடமாட்டாள். நடையாய் நடந்து, அந்தப் படிகளின் மேல் ஒரு சாய்தளம் போடவைத்தாள். சிமென்ட் காய்வதற்குள் அடுத்த தலைவலி வந்தது, செமஸ்டர் தேர்வு. பார்வையற்ற மாணவர்கள் விடையைச் சொல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொடுக்க ஆள் வேண்டும். அப்படி எழுதுகிறவரை ஸ்க்ரைப் என்பார்கள்.

"ப்ளஸ் டூதானே மாமி? அதுக்கு மேல ஒண்ணும் படிச்சுடலையே? தபால்ல, கிபால்ல?" போலீஸ்காரர்கூட இப்படிக் குடைந்து விசாரிக்கமாட்டார்.

"இல்லைடி. அதைச் சொல்லிக் காட்டத்தான் கார்த்தால வந்தியா?"

"ஐயோ, உங்களைத்தான் மாமி தேடிண்டிருக்கேன். பரீட்சை எழுதறவாளைவிட ஸ்க்ரைப் ஒரு படி கம்மியாப் படிச்சிருக்கணும். அது ரூல். நிறையப் படிச்சவாளா இருந்தா அவாளே பதில் சொல்லிக் குடுத்துடுவான்னு சந்தேகம். மத்த பசங்களுக்கெல்லாம் அவாவா பரீட்சை இருக்கு. இந்தத் தெருவுல பார்த்தா எல்லாரும் எம்.காம்., பி.இ. ஒருத்தராவது படிக்காம இருக்க மாட்டாளான்னு தேடித் தேடி..." சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ரெங்கநாயகிக்குக் கோபமே வரவில்லை. இத்தனை வருஷமாக ஒரு பயனும் இல்லாமல் கிடந்த படிப்பு, திடீரென்று தேடி வந்து கேட்கிற தகுதியாகிவிட்டது.

"நான் வரேன்," என்றாள். துருவலில் பாதி கீழே விழுந்திருந்தது.

வைஜயந்தி அங்கேயே சமையலறை மேடையில் ஒரு தாளை வைத்து விதிகளை எழுதிக் கொடுத்தாள். சொல்வதை மட்டும் எழுத வேண்டும். சொல்லாத ஒரு சொல்லைக்கூட எழுதக்கூடாது. தப்பென்று தெரிந்தாலும் திருத்தக்கூடாது. ஜாடை கூடாது, இருமல் கூடாது. விடைத்தாளில் யாருடைய பெயரும் வரக்கூடாது.

எல்லாவற்றையும் எழுதியவள் ஒன்றை விட்டுவிட்டாள். சாமி பெயரோ, மதக் குறியோ, வேறு எந்த அடையாளமோ விடைத்தாளில் போடக்கூடாது என்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் விதி. வைஜயந்திக்கு அது தெரியாததில்லை, தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? அவள் எழுதிக் கொடுத்த அந்தத் தாளின் உச்சியிலேயே குட்டியாக ஒரு ‘ஸ்ரீ:’ உட்கார்ந்திருந்தது. கோவிலைச் சுற்றியுள்ள அந்த வீதிகளில் பேனா தாளைத் தொட்டால் முதலில் வருவது அதுதான். வைஜயந்திக்கு ‘ஸ்ரீ:’யோடு நின்றுவிடும். ரெங்கநாயகிக்கு அதன் கீழே ‘ஸ்ரீமதே ராமாநுஜாய நம:’ என்று முழு வரியும் வந்தால்தான் கை அடுத்த வரிக்கு இறங்கும். மளிகைச் சிட்டை, பால்காரருக்கு வைக்கும் துண்டுச் சீட்டு, காஸ் சிலிண்டர் மாற்றிய தேதி, எல்லாவற்றின் தலையிலும் அது இருக்கும். எழுதினோம் என்பதே அவளுக்குத் தெரியாது. வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றுகிறோமே, கழற்றினோம் என்று யாராவது நினைவு வைத்துக்கொள்கிறோமா?

தேர்வு அன்று மாம்பழ நிறத்துப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"என்ன, பரீட்சைக்கா போறே, பந்திக்கா?" என்று கேட்டார் ஸ்ரீனிவாசராகவன். தில்லை நகரில் ஒரு ஆடிட்டரிடம் கணக்கெழுதுகிறவர். வேடிக்கை பேசுவதில் மட்டும் கணக்கே பார்க்கமாட்டார்.

"பி.ஏ. பரீட்சைன்னா. பழம்புடவையிலயா போறது?" என்றாள். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம்கூட, "நான் பரீட்சைக்குப் போறேன்" என்று சொல்லிக்கொண்டாள்.

அவள் எழுத வேண்டியது முகமது இஸ்மாயிலுக்கு. தென்னூர்ப் பையன், பி.ஏ. வரலாறு, கடைசி வருஷம். அவனுடைய அத்தா சைக்கிள் கடை வைத்திருக்கிறார். ஒல்லியாக, உயரமாக, கட்டம் போட்ட சட்டையின் கைகளை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தான். வெள்ளைக் கோலை மடக்கி மேஜையின் ஓரத்தில் வைத்துவிட்டு, அவள் நாற்காலியை இழுத்த சத்தம் வந்த பக்கம் திரும்பினான்.

"மாமின்னு கூப்பிடலாங்களா? வைஜயந்தி மேடம் அப்படித்தான் சொன்னாங்க."

"தாராளமாக் கூப்பிடு."

"நான் கொஞ்சம் வேகமாச் சொல்லுவேன். நிறுத்தணும்னா வாயால சொல்ல வேணாம், மேஜையில ஒரு தட்டுத் தட்டுங்க. நின்னுடுவேன். போன செமஸ்டர்ல ஒருத்தர் எழுதினாரு. அவருக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு என் பதிலையெல்லாம் பாதியாச் சுருக்கிட்டாரு. மார்க் வந்தப்பறந்தான் எனக்கே தெரிஞ்சுது." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ரெங்கநாயகிக்குத்தான் அந்த ஆளைப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும்போல் இருந்தது.

"ஒரு எழுத்து விடமாட்டேன்," என்றாள்.

மணி அடித்தது. இஸ்மாயில் தலையைக் குனிந்து, உதடு அசைய, "பிஸ்மில்லாஹ்" என்று மெல்லச் சொன்னான். நல்ல பையன் என்று நினைத்துக்கொண்டே ரெங்கநாயகி காத்திருந்தாள். அவள் காத்திருந்த அந்த நேரத்தில் அவளுடைய கை காத்திருக்கவில்லை. தாளின் உச்சிக்குப் போய்த் தன் வேலையை முடித்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல முதல் கோட்டுக்கு வந்து நின்றது.

பிறகு அவன் சொல்லத் தொடங்கினான். அப்பப்பா, அது என்ன சொல்லு. இன்னொருவருடைய மூளைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது அவளுக்கு. கர்நாடகப் போர் பற்றிய கேள்வியில், ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்திரண்டில் சந்தா சாஹிப்பும் பிரெஞ்சுப் படையும் ஸ்ரீரங்கம் தீவுக்குள் பின்வாங்கின என்று அவன் சொன்னதும் அவள் பேனா நின்றுவிட்டது. இத்தனை வருஷம் அதே தீவில்தான் பால் வாங்குகிறாள், கோலம் போடுகிறாள், ஒருத்தராவது சொல்லவில்லையே. எந்தப் பக்கமாக வந்தார்கள், எங்கே தங்கினார்கள், தளிகைக்கு, அதாவது சாப்பாட்டுக்கு, என்ன செய்தார்கள் என்று ஆயிரம் கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். பார்வையற்றவர்களுக்குத் தரும் கூடுதல் நேரமும் முடிந்து தாளைக் கொடுத்துவிட்டு வராந்தாவுக்கு வந்ததும் அணை உடைந்தது.

"ஏம்ப்பா, பிரெஞ்சுக்காராளா? எங்க ஊருக்குள்ளயா?"

"உங்க ஊருதாங்க மாமி. பீரங்கியோட."

ஃபிளாஸ்க் காபியை இரண்டு டம்ளரில் ஊற்றினாள். அவன் குடித்துக்கொண்டே முழுப் போரையும் சொன்னான். அடுத்தடுத்த தேர்வுகளிலும் இதுவே வழக்கமானது. உள்ளே அவன் சொல்ல அவள் எழுதுவாள், வெளியே வந்ததும் அவள் கேட்க அவன் சொல்வான். கடைசித் தேர்வு முடிந்த அன்று ரெங்கநாயகிக்கு வீட்டுக்குப் போகவே மனசில்லை.

தை பிறந்து தேர்வு முடிவுகள் வந்தன. அன்றைக்கு வைஜயந்தி ஸ்கூட்டியை நிறுத்திய சத்தத்திலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. உள்ளே வந்தவள் கையிலிருந்த ஜெராக்ஸ் தாள்களை ரெங்கநாயகியிடம் நீட்டினாள். இஸ்மாயிலின் விடைத்தாள்களின் முதல் பக்கங்கள்.

"என் கையெழுத்துன்னா இது," என்றாள் ரெங்கநாயகி. "ஏன், புரியலைன்னுட்டாளா? மணிமணியாத்தானே எழுதியிருக்கேன்?"

"உச்சியைப் பாருங்கோ மாமி."

பார்த்தாள். ஒரு தாள்கூடத் தப்பவில்லை. எல்லாவற்றிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில், கோவில் கோபுரத்துக் கலசம் மாதிரி நின்றுகொண்டிருந்தது.

"இதை... நானா எழுதினேன்?"

வைஜயந்தி விஷயத்தைச் சொன்னாள். விடைத்தாளில் அடையாளக் குறி போடுவது முறைகேடு. திருத்துகிறவருக்கு ஆளைக் காட்டிக்கொடுக்கப் போட்ட குறி என்று எடுத்துக்கொள்வார்கள். இஸ்மாயிலின் முடிவுகளை முழுக்க நிறுத்திவைத்திருக்கிறார்கள். விசாரணைக் குழு உட்காரும். குறி வேண்டுமென்றே போட்டது என்று குழு சொல்லிவிட்டால், எழுதிய தேர்வெல்லாம் ரத்து, வருகிற தேர்வையும் எழுத முடியாது. பையனுக்கு ஒரு வருஷம் போகும். முடித்த கையோடு பி.எட். சேர்ந்து வாத்தியாராகிவிடுவது என்று அவன் போட்டிருந்த கணக்கும் போகும்.

ரெங்கநாயகி அந்தத் தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அடித்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். ‘ஒரு எழுத்து விடமாட்டேன்’ என்று அவனிடம் வாக்குக் கொடுத்தவள், விடாததோடு நிற்காமல் ஒரு வரி சேர்த்தும் கொடுத்திருக்கிறாள்.

சாயங்காலம் வந்த ஸ்ரீனிவாசராகவன் கதையைக் கேட்டுவிட்டு, "பால் சீட்டையே விட்டுவைக்காதவ, பல்கலைக்கழகத்தை விட்டுவைப்பியா?" என்று வழக்கம்போல் ஆரம்பித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். எழுந்து போய், கல்யாணமான புதிதில் போட்டதோடு சரியென்று விட்டிருந்த காரியத்தை, அதாவது காபியைப் போட்டு எடுத்துவந்தார். சகிக்கவில்லை. குடித்துவிட்டாள்.

இஸ்மாயிலே போன் செய்தான்.

"மாமி, நீங்க பதறாதீங்க. நான் ஒரு வழி யோசிச்சு வெச்சிருக்கேன். அந்த வரியை நான்தான் எழுதச் சொன்னேன்னு சொல்லிடறேன். நீங்க சொன்னதை எழுதினீங்க, அவ்வளவுதான். உங்க மேல தப்பில்லாம போயிடும்."

"உன் வருஷம்?"

"ஒரு வருஷம்தாங்களே. சமாளிச்சுக்கலாம். வெளியாளுங்களைக் கொண்டாந்தா இப்படித்தான் ஆகும்னு ஆபீஸ்ல ஆரம்பிச்சிட்டாங்களாம். நீங்களா எழுதினீங்கன்னு போச்சுன்னா இந்த ஏற்பாட்டையே நிறுத்திருவாங்க. எனக்குப் பின்னாடி படிக்கிற புள்ளைங்க எல்லாம் என்ன பண்ணும்?"

"இஸ்மாயில், நன்னாக் கேட்டுக்கோ. நீ சொல்லாததை எழுதினது ஒரு தப்பு. நீ பண்ணாததைப் பண்ணினேன்னு சொல்லவெச்சா அது ரெண்டாவது தப்பு. நான் வரேன். நடந்ததை நானே சொல்றேன். நீ வாயைத் தொறக்கப்படாது."

சொல்லிவிட்டாளே தவிர, விசாரணை நாள் வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மளிகைச் சிட்டை எழுதவே பயந்துபோய், கடைக்காரரிடம் போனிலேயே சொன்னாள்.

குழுவின் தலைவர் பேராசிரியர் அமிர்தம். இயற்பியல் சொல்லிக்கொடுக்கிற அம்மாள், கண்டிப்புக்குப் பெயர் போனவர். அவர் சிரித்துப் பார்த்ததாகச் சொன்னவர்கள் யாரும் இல்லை. பக்கத்தில் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு தேர்வுப் பிரிவு அதிகாரி. எதிரில் வைஜயந்தி, இஸ்மாயில், ரெங்கநாயகி. இந்த முறை பட்டுப்புடவை இல்லை.

அமிர்தம் விடைத்தாள்களைப் புரட்டினார். "முகமது இஸ்மாயில், உங்க விடைத்தாள் எல்லாத்துலயும் மேல ஒரு வரி இருக்கு. அது என்னன்னு தெரியுமா?"

"தெரியுங்க மேடம். அதை நான்தான் எழுதச்..."

ரெங்கநாயகி மேஜையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

இஸ்மாயில் அந்த இடத்திலேயே நின்றுவிட்டான். தேர்வு முழுக்கப் பழகிய பழக்கம், தட்டினால் நிற்பது. பாதி வாய் திறந்தபடி உட்கார்ந்திருந்தான்.

"மேடம், அவன் சொல்லலை. நான் எழுதினேன். எழுதினதே எனக்குத் தெரியாது. எங்காத்துல எதை எழுதினாலும் இதை எழுதிட்டுத்தான் எழுதுவோம். சின்ன வயசுலேர்ந்து பழக்கம். கை தானாப் போயிடறது. அந்தப் பையன் பரீட்சைக்கு முன்னாடி அவன் சாமியை வாயால சொல்லிண்டான். அதை நான் காதால கேட்டேன். எழுதச் சொல்லாததால எழுதலை. என் கை பண்ணினதை மட்டும் நான் பார்க்கலை."

அதிகாரி கண்ணாடியைக் கீழே இறக்கினார். "பழக்கம்னுதாம்மா எல்லாரும் சொல்றாங்க. போன தடவை ஒருத்தன் மூலைக்கு மூலை நட்சத்திரம் போட்டுட்டு, அதுவும் பழக்கம்னுதான் சொன்னான். இங்க எல்லா பேப்பர்லயும் ஒரே இடத்துல ஒரே மாதிரி இருக்கு. இது திருத்துறவருக்கு வெச்ச குறி இல்லைன்னு நாங்க எப்படி நம்பறது?"

நியாயமான கேள்விதான். நெஞ்சைத் திறந்தா காட்ட முடியும்?

"சரி," என்றார் அமிர்தம். அவர் முகத்தில் எந்தப் பக்கமும் சாய்வு தெரியவில்லை. "நீங்க இப்ப சொன்னதை அப்படியே உங்க கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. குழு பார்த்து முடிவு பண்ணும்."

வெள்ளைத்தாளும் பேனாவும் வந்தன. ரெங்கநாயகி மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். வாழ்க்கையில் இவ்வளவு கவனமாக அவள் எதையும் எழுதியதில்லை. தப்பு முழுக்கத் தன்னுடையது, பையனுக்கு ஒன்றுமே தெரியாது, தண்டனை எதுவானாலும் தனக்குக் கொடுக்க வேண்டும், இனிமேல் கனவில்கூட இந்தத் தவறைச் செய்யமாட்டேன் என்று ஒரு பக்கம் நிறைய எழுதினாள். ‘கனவில்கூட’ என்பதன் கீழே ஒரு கோடும் போட்டாள். கண்ணீர் தாளில் விழாமல் முந்தானையால் துடைத்துக்கொண்டு இரண்டு கைகளாலும் நீட்டினாள்.

அமிர்தம் வாங்கிப் படித்தார். படித்தார் என்பதுகூடச் சரியில்லை. முதல் வரியிலேயே அவர் கண் நின்றுவிட்டது, கீழே இறங்கவே இல்லை. தாளை அதிகாரியிடம் தள்ளினார். அதிகாரி கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார். அவருடைய தோள்கள் லேசாகக் குலுங்கின. எட்டிப் பார்த்த வைஜயந்தி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"என்னங்க ஆச்சு?" என்றான் இஸ்மாயில். "வைஜயந்தி மேடம், என்ன ஆச்சு? சொல்லுங்களேன்."

அமிர்தமே சொன்னார். குரலைக் கட்டுக்குள் வைத்திருக்க அவர் பட்ட பாடு தெரிந்தது. "உங்க ஸ்க்ரைப், அந்த வரியை எழுதினதுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்காங்க. இனிமே கனவுலகூட எழுதமாட்டாங்களாம். அந்த மன்னிப்புக்கு மேல, தாளோட உச்சியில, அதே வரி இருக்கு."

முதலில் சிரித்தது இஸ்மாயில்தான். ஒரு வருஷத்தை இழக்க இருந்தவன், நாற்காலியில் பின்னால் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அடக்கமுடியாமல் சிரித்தான். அதற்கப்புறம் யாருக்கும் தன் சிரிப்பின்மேல் பிடிமானம் இல்லை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பேராசிரியர் அமிர்தம் சிரித்தார். அதற்குச் சாட்சி நாலு பேர் இருக்கிறார்கள்.

ரெங்கநாயகி மட்டும் திகைத்துப்போய்த் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கை தானாப் போயிடுதுன்னு சொன்னாங்களே, இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் சார்?" என்று அதிகாரியைக் கேட்டார் அமிர்தம்.

"வேற ஒண்ணும் வேணாம் மேடம். இந்தத் தாளை அப்படியே ஃபைல்ல வெச்சுடுவோம்," என்றார் அவர். கெட்ட எண்ணம் இல்லை, மாணவருக்கு இதில் பங்கில்லை, விடைத்தாள்கள் செல்லும், முடிவுகளை வெளியிடலாம் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். ஸ்க்ரைப் ஏற்பாடு தொடரும், விதிகளை மட்டும் முழுசாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று அமிர்தம் வைஜயந்தியைப் பார்த்துச் சொன்னார். அன்று சாயங்காலமே வைஜயந்தி விட்டுப்போன விதியைச் சேர்த்துப் புதுத் தாள் தயாரித்தாள். கையால் எழுதாமல் கம்ப்யூட்டரில் அடித்தாள். கையை நம்புவதற்கு அவளுக்கு இனி தைரியம் இல்லை.

மறுநாள் இஸ்மாயிலின் போன் வந்தபோது ரெங்கநாயகி குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

"நமக்கு எவ்வளவு?" என்றுதான் கேட்டாள். உனக்கு என்று அவளுக்கு வாயில் வரவில்லை.

"எல்லாத்துலயும் பாஸ் மாமி. கர்நாடகப் போர் பேப்பர்ல வகுப்புலயே நான்தான் முதல். அம்மா தொழுகையில உங்களுக்காகத் தனியா வேண்டி துஆ செஞ்சாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு, "மாமி, ஒண்ணு கேக்கட்டுமா? நீங்களும் பி.ஏ. சேர்ந்துடுங்களேன். நீங்க கேக்கிற கேள்வியெல்லாம் எங்க வாத்தியாருங்களே கேக்கறதில்லை."

இத்தனை வருஷத்தில் இந்த வார்த்தையை அவளிடம் யாரும் சொன்னதில்லை. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"நான் பி.ஏ. முடிச்சா உனக்கு எழுத முடியாதேடா. நான் ஒரு படி கம்மியான்னா இருக்கணும்."

"அப்ப நான் பி.எட். முடிச்சு எம்.ஏ.வும் எழுதறேன். அதுக்குள்ள நீங்க பி.ஏ. முடிங்க. ரெண்டு பேரும் ஒரு படி வித்தியாசத்துலயே ஏறிடலாம்."

அன்று இரவு சாப்பாட்டுக்கு உட்கார்ந்த ஸ்ரீனிவாசராகவனிடம், "ஏன்னா, திறந்தநிலைப் படிப்புக்கு எங்கே அப்ளிகேஷன் வாங்கறது?" என்று கேட்டாள். அவர் வேடிக்கை பேச வாயைத் திறந்து, மூடி, "நாளைக்கு விசாரிச்சுண்டு வரேன்," என்றார். சந்தோஷத்தில் அவருக்கு இன்னொரு கரண்டி நெய் விழுந்தது.

சித்திரையில் கடைசி செமஸ்டர் வந்தது. ஸ்ரீரங்கத்துத் தெருவெல்லாம் திருவிழாக் கூட்டம். அதில் புகுந்து புறப்பட்டு, மறுபடியும் மாம்பழ நிறத்துப் பட்டில், அவள் நேரத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்துவிட்டாள். விடைத்தாள் வந்தது. மணியும் அடித்தது. அவள் தயாராகட்டும் என்று இஸ்மாயில் காத்திருந்தான். பேனா தாளில் படுகிற சத்தமே கேட்கவில்லை.

ரெங்கநாயகியின் கை அசையமாட்டேன் என்றது. உச்சிக்குப் போகக்கூடாது என்று மனசு பிடித்து வைத்திருந்தது. உச்சிக்குப் போகாமல் முதல் கோட்டுக்கு எப்படி வருவது என்று கைக்குத் தெரியவில்லை. இவனுடைய தேர்வு, இவனுடைய நேரம், தன்னால் போகிறதே என்று அவளுக்கு வியர்த்தது.

இஸ்மாயில் அவள் பக்கம் குனிந்தான். "மாமி, பேனாவைக் கீழ வைங்க. மேஜையில விரலால எழுதிடுங்க. மை இல்லைன்னா குத்தமில்லை. நான் இருக்கேன், மெதுவா எழுதுங்க."

அறைக் கண்காணிப்பாளர் நிமிர்ந்து பார்த்தார். தாள் வெறுமையாக இருந்தது. மறுபடி குனிந்துகொண்டார்.

ரெங்கநாயகி பேனாவை வைத்துவிட்டு, ஆள்காட்டி விரலால் மர மேஜையின் மேல் எழுதினாள். விரல் உரசும் மெல்லிய சத்தத்தை இஸ்மாயில் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். வளைந்தது, சுழித்தது, கொஞ்சம் நின்று மறுபடி ஓடியது. கடைசியில் ‘நம:’வின் இரண்டு புள்ளிகளையும் விரல் நுனி டொக், டொக் என்று வைத்தது.

முடிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் தன்னுடையதை வாய்க்குள் மெல்லச் சொல்லிக்கொண்டான். ரெங்கநாயகி பேனாவை எடுத்தாள்.

"முதல் கேள்வி," என்றான் இஸ்மாயில்.